கறந்த பிறகு அரை மணி நேரம்

மாட்டுக்கு ஊசி போட்ட வாரத்தில் வீட்டுப் பால் தயிராக உறையாது. மாடு வளர்க்கிற வீட்டுப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரவு உறை ஊற்றி வைத்த பால் காலையிலும் பாலாகவே கிடக்கும்; அல்லது தயிராகாமல் நீர்த்து ஒரு மாதிரி நாறும். உறைமோர் சரியில்லை என்று பக்கத்து வீட்டில் வாங்கி மறுபடி ஊற்றிப் பார்ப்பார்கள். கோளாறு உறைமோரில் இருக்காது. மடிவீக்கத்துக்காகப் போட்ட ஆன்டிபயாடிக் மருந்து மாட்டின் ரத்தத்தில் கலந்து, மடிக்கு வந்து, பாலில் இறங்கியிருக்கும். பாலைத் தயிராக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் அது விட்டுவைப்பதில்லை. எந்தக் கருவியும் இல்லாமல் அடுப்படியிலேயே தெரிந்துவிடுகிற சோதனை இது. ஆனாலும் அன்றைக்குக் கறந்த மீதிப் பால் வழக்கம்போல் பால் சொசைட்டிக்குப் போய்விடுகிறது.

மதுரையிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் மேலூரைத் தாண்டினால் கருங்காலக்குடி, அதற்கப்புறம் கொட்டாம்பட்டி. மேற்கே நத்தம், கிழக்கே சிங்கம்புணரி. மதுரை மாவட்டம் இந்த மூலையில் முடிகிறது. மேலூர்ப் பக்கம் பெரியாறு வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைகிறபோது, கொட்டாம்பட்டி ஒன்றியத்தின் பெரும்பகுதி மழையையும் கண்மாயையும் கிணற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். மழை பொய்த்த வருடங்களில் இங்கே அடுப்பு எரிவது பால் காசில்தான். அதனால் ஒரு மாட்டின் மடி வீங்கினால் அது அந்த வீட்டின் வாரச் செலவையே தொடுகிற விஷயம். அந்தப் பதற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் ஊசியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

அன்று, அதாவது அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னால், இந்தப் பக்கத்து மாடு பாலுக்காக வளர்ந்த மாடு இல்லை. மதுரை, சிவகங்கை வட்டாரங்களின் சொந்த இனமான புலிக்குளம் மாடு உழவுக்கும், வண்டிக்கும், எருவுக்கும், மஞ்சுவிரட்டுக்கும் பேர்போனது. பசு கறப்பது கொஞ்சம். அதிலும் கன்றுக்குப் போகத்தான் மிச்சம். வீட்டுக்குப் பாலும் மோரும் பெரும்பாலும் எருமையிடமிருந்து வந்தன. புலிக்குளம் மாடுகளை மந்தையாக ஓட்டிக்கொண்டு போய் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவார்கள். இன்று இந்த வயல், நாளையோ மறுநாளோ அடுத்த வயல். சாணமும் மூத்திரமும் நிலத்துக்கு எரு. எருவுக்காகத்தான் கிடையை மாற்றிக்கொண்டே போனார்கள். ஆனால் அதனால் மாட்டுக்கும் ஒரு நன்மை கிடைத்தது. முந்தின நாள் சாணத்தின் மேலேயே படுக்க வேண்டிய நிலை அதற்கு வரவில்லை. காய்ந்த தரை, வெயில் பட்ட மண். மடியும் சிறியது, வயிற்றோடு ஒட்டி, தரையை விட்டு எட்டி நிற்கும். கறந்து முடித்ததும் கன்றை விடுவார்கள். அது முட்டி முட்டிக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிடும். மடியில் பால் தேங்காது. மடிநோயைத் தடுக்க இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்லித்தரும் விஷயங்களில் பாதி, அன்று யாரும் சொல்லாமலே அந்த வாழ்க்கை முறைக்குள் இருந்தது.

அதற்காக அந்தக் காலத்தில் மடிநோயே இல்லை என்று சொல்லக்கூடாது. இருந்தது. மடி கல்லு மாதிரி இறுகி, பால் திரிதிரியாக வந்தால் கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். ரத்தம் கலந்து வந்தால் ராத்திரி சாரைப்பாம்பு வந்து பால் குடித்துவிட்டது என்றார்கள். பாம்பின் வாயமைப்பில் காம்பைச் சப்பிப் பால் குடிக்க முடியாது. ஆனால் தொழுவத்தில் இருட்டில் நடந்ததற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. சோற்றுக் கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசினார்கள். சில மாடுகள் தேறின. சிலவற்றுக்கு ஒரு காம்பு அடைத்துப்போய், அதன் பிறகு ஆயுளுக்கும் மூன்று காம்பு மாடாகவே நின்றன. மணப்பாறைச் சந்தையில் பசுவைப் பிடிக்கிறவர் பல்லைப் பார்த்த கையோடு குனிந்து நான்கு காம்பையும் பீச்சிப் பார்ப்பதெல்லாம் அந்த அனுபவத்தில் வந்த பழக்கம்தான். நோய் கடுமையாக வந்த மாடு, மடி குளிர்ந்து நீலம் பாரித்து, இரண்டு மூன்று நாளில் செத்தும் போனது. அந்த மாட்டுக்காரருக்கு ஊசி என்ற ஒன்று கிடைத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். பழையதெல்லாம் பொன் என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாற்றம் மாட்டின் உடம்பிலிருந்து தொடங்கியது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் நாட்டில் ஆரம்பமானது. தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஃபிரீசியன் என்று கலப்பினக் கொள்கை வகுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சினை ஊசி போட்டார்கள். குஜராத்தின் ஆனந்த் மாதிரியில் கிராமப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1981இல் மாநில அளவில் பால் உற்பத்தியாளர் இணையம் அமைந்தது. ஆவின் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. பிறகு 2011இல் ஏழைப் பெண்களுக்கு விலையில்லாக் கறவை மாடு கொடுக்கும் திட்டம். ஐந்து ஆண்டுகளில் 60,000 மாடுகள் என்று இலக்கு. ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் கறந்த இடத்தில் எட்டு லிட்டர், பத்து லிட்டர். கொட்டாம்பட்டி மாதிரி வறண்ட பூமியில் எத்தனையோ பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது இந்த எட்டு லிட்டரில்தான். அதைக் குறைத்துப் பேச என்னால் முடியாது.

ஆனால் எட்டு லிட்டர் மடி வேறு மாதிரியான மடி. அது பெரியது, தொங்குவது, நடக்கும்போது பின்னங்காலில் உரசுவது. படுத்தால் காம்பு நேராகத் தரையில் படும். மேய்ச்சல் நிலம் சுருங்கியதால் மாடு நாள் முழுக்க ஒரே முளையில், ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த இடத்திலேயே சாணம், மூத்திரம், கழுவிய தண்ணீர். மழைக்காலத்தில் தொழு சேறாகிவிடும். சிமென்ட் போட்ட தொழுவிலும் வாட்டம் சரியாக இல்லாவிட்டால் மூத்திரம் வடியாமல் தேங்கும். சாணத்திலும் ஈரத்திலும் வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கு இதைவிட வசதி வேண்டாம். மாடு மாறியது, மாட்டை வைத்திருக்கும் முறையும் மாறியது, இரண்டுக்கும் நடுவே மடியைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

இன்னொரு கூட்டம் மாட்டுக்கு மாடு தாவும் பாக்டீரியாக்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று பெயர். இவை சாணத்தில் வருவதை விட, கறக்கும் கையில்தான் அதிகம் பயணம் செய்கின்றன. அன்று வீட்டு மாட்டை வீட்டுக்காரரே கறந்தார். இன்று பல வீடுகளில் கறப்பதற்கென்று ஓர் ஆள் வருகிறார். விடியற்காலையில் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து, வீடு வீடாக இறங்கிக் கறந்துவிட்டுப் போகிறார். நேரம் அவருக்குப் பணம். முதல் வீட்டு மாட்டுக்கு நோய் இருந்தால் நாலாவது வீட்டு மாட்டுக்கு அது போய்ச் சேர, நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவாத பத்து நிமிடம் போதும். சீக்கிரம் முடிக்கப் பலரும் கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன் கணுவுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே காம்பை இழுத்துக் கறப்பார்கள். அது காம்பின் உள்சதையை நசுக்கிப் புண்ணாக்கும். காம்பை ஐந்து விரலும் சேர்த்து உள்ளங்கையில் பிடித்து, மேலிருந்து கீழாக அழுத்திக் கறக்கும் முழுக்கைக் கறவைதான் மாட்டுக்கு நல்லது. கன்று வாய் வைத்துக் குடிக்கிற அழுத்தத்துக்கு அதுவே நெருக்கமானது. கறப்பவர்களைக் குறை சொல்லவில்லை. பால் தொழிலில் இத்தனை பயிற்சி முகாம் நடக்கிறது. அதிகாலையில் காம்பைப் பிடிக்கும் அந்தக் கைகளுக்கென்று ஒரு பயிற்சியை ஒன்றியம்தோறும் ஏன் நடத்தவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மாடு இப்படி மாறிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஊசியும் ஊருக்கு வந்தது. 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தார். 1954இல் புனே அருகே பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஏற்பட்டு, அந்த மருந்து இந்தியாவிலேயே தயாரானது. பிறகு கால்நடை மருந்தகங்களில் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்த ஊசி, காம்புத் துவாரம் வழியே மடிக்குள் ஏற்றும் ட்யூப் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கற்றாழைக்குக் கேட்காத மடி ஊசிக்குக் கேட்டது. செத்துப்போயிருக்க வேண்டிய மாடு எழுந்து நின்று வைக்கோல் தின்றது. அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ஊசி மேல் வந்த நம்பிக்கை நியாயமானது.

அந்த நம்பிக்கை எங்கே தடம் மாறியது என்றால், கடைசி ஆயுதமாக வந்த மருந்து முதல் ஆயுதமாகிவிட்ட இடத்தில். மடி லேசாகச் சூடாக இருந்தாலே ஊசி. பால் கொஞ்சம் குறைந்தாலே ஊசி. அதுவும் மருத்துவர் வந்து, எந்தக் காம்பு, என்ன நோய் என்று பார்த்துத் தருகிற ஊசி என்றால் பரவாயில்லை. படித்த மருத்துவர் அரசு மருந்தகத்தில் ஒருவர்தான். அவருக்குச் சுற்றுப்பட்டு ஊர் எத்தனையோ. அந்த இடைவெளியில் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்துக் கடையில் பேரைச் சொன்னால் ஊசிக் குப்பி கிடைக்கும். மூன்று முதல் ஐந்து நாள் தொடர வேண்டிய மருந்தை ஒரு நாள் போட்டு, மறுநாள் வீக்கம் வடிந்தால் நிறுத்திவிடுகிறார்கள். செலவு மிச்சம் என்று தோன்றும். அரைகுறை மருந்தில் பலவீனமான கிருமி செத்து, தாங்குகிற கிருமி பிழைத்துப் பெருகும். இதை ஃபிளெமிங்கே 1945 டிசம்பரில் நோபல் உரையில் எச்சரித்தார். போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிக்கு மருந்தைத் தாங்கக் கற்றுக்கொடுத்தது போலாகிவிடும் என்பது அவர் சொன்னதின் சாரம்.

பென்சிலின் கேட்கவில்லை என்றால் அடுத்தது, அதுவும் கேட்கவில்லை என்றால் அதற்கடுத்தது என்று படியேறி, இப்போது மாட்டு மடிக்கு செஃப்ட்ரியாக்சோன் போடுவது சகஜமாகிவிட்டது. இதே செஃப்ட்ரியாக்சோன்தான் டைஃபாய்டிலும் கடுமையான நிமோனியாவிலும் மூளைக்காய்ச்சலிலும் மனிதர்களுக்கு மருத்துவர்கள் நம்பிக் கொடுக்கும் மருந்து. தொழுவில் அதைத் தாங்கப் பழகிய பாக்டீரியா தொழுவோடு நிற்காது. சாணம் எருவாகி வயலுக்குப் போகிறது, கழுவிய தண்ணீர் கண்மாய்க்குப் போகிறது, கறந்த கை சோறு தின்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. இந்த ஆபத்தை முதலில் உரக்கச் சொன்ன இடங்களில் நம் சென்னையும் ஒன்று. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். 2019இல் மத்திய அரசு கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கத் தடை விதித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. தடை நல்லது. மடிக்குப் போடும் மற்ற மருந்துகளுக்கும் அதே அக்கறை வர வேண்டும்.

மடி வீங்கிய பிறகு ஊசியைத் தேடுகிறோம். வீங்காத மடியிலும் நோய் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற மடிநோயை விட மறைந்திருக்கும் மடிநோய் பல மடங்கு அதிகம். மாடு தின்னும், நடக்கும், பால் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் கறவை மெல்லக் குறையும், பால் லேசாக உப்புக் கரிக்கும், சொசைட்டியில் டிகிரி இறங்கும். தீவனம் பத்தவில்லை என்று நினைத்து இன்னொரு மூட்டை தவிடு வாங்குவார்கள். நோய்க்கிருமியோடு போராட உடம்பு அனுப்பும் வெள்ளணுக்கள் பாலில் கூடுகின்றன என்பதே உண்மைக் காரணம். ஒரு மில்லி பாலில் அவை 2 லட்சத்தைத் தாண்டினால் அந்த மடியைச் சந்தேகிக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கி வேண்டாம். 1957இல் கலிபோர்னியாவில் உருவான சோதனை ஒன்று இருக்கிறது. நான்கு குழி உள்ள தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியாகப் பீச்சி, அதே அளவு சோதனைத் திரவம் ஊற்றிச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் கஞ்சி போலக் கெட்டிப்படும். திரவம் கிடைக்காத ஊரில் என்ன செய்வது? பாகிஸ்தானின் ஃபைசலாபாத் ஆய்வாளர்கள் அதற்கும் வழி கண்டார்கள். சாதாரணச் சலவைத்தூளை 3 சதவீதக் கரைசலாகக் கரைத்துக்கொண்டு, பாலும் கரைசலும் சமமாகக் கலந்து ஒரு நிமிடம் சுழற்றினால் அதுவும் இதே வேலையைச் செய்யும். அரை லிட்டர் தண்ணீருக்குப் பதினைந்து கிராம் தூள். இதற்குச் செலவு ஒரு தேநீர்க் காசு கூட ஆகாது. நம் வறண்ட ஊர்களைப் போன்ற நிலத்தில், நம்மைப் போலவே இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்காக யோசித்த ஆய்வு அது. மாதம் ஒருமுறை சங்கத்துத் திண்ணையில் இந்தச் சோதனையை நடத்தினால் போதும், பாதி ஊசி தேவைப்படாது என்று நம்புகிறேன்.

கறக்கத் தொடங்கும்போது முதல் இரண்டு மூன்று பீச்சலைப் பால் பாத்திரத்தில் விடாமல், கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பார்ப்பது இன்னும் எளிது. திரி இருந்தால் கறுப்பின் மேல் பளிச்சென்று தெரியும். தரையில் பீச்சக் கூடாது. நோய் இருந்தால் அதே தரையில்தான் அடுத்த மாடு படுக்கும்.

இப்போது அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன். காம்பின் நுனியில் வட்டமாக ஒரு தசை இருக்கிறது. அதுதான் மடியின் கதவு. கறக்கும்போது அது விரிகிறது. கறந்து முடித்ததும் உடனே இறுக மூடிக்கொள்வதில்லை. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு படுத்துவிட்டால் திறந்த காம்பு சாணத்தில் படும், கிருமி உள்ளே ஏறிவிடும். ஆகவே கறந்ததும் மாட்டுக்கு முன்னால் பசும்புல்லோ வைக்கோலோ அள்ளிப் போட வேண்டும். தின்கிற மாடு நிற்கும். நிற்கிற மாட்டின் காம்பு மூடிக்கொள்ளும். பல வீடுகளில் கறக்கும்போதே தீவனத்தை வைத்து, கறந்து முடிவதற்குள் மாடு தின்று தீர்த்துவிடுகிறது. அந்தத் தீவனத்தில் ஒரு பங்கைக் கறந்த பிறகு போட்டால் போதும். கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. கால்நடை மருத்துவத்தில் இத்தனை மலிவான, இத்தனை பயனுள்ள யோசனை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அதோடு சேர வேண்டியது காம்பு முக்கும் மருந்து. கிளிசரின் கலந்த 0.5 சதவீத அயோடின் கரைசலை ஒரு சின்னக் குவளையில் எடுத்து, கறந்தவுடன் நான்கு காம்பையும் அதில் முக்கி எடுக்க வேண்டும். 1960களில் இங்கிலாந்தில் ரீடிங் நகருக்கருகே இருந்த தேசியப் பால்வள ஆய்வு நிலையத்தில் மடிநோய்க்கென்று ஐந்து அம்சத் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். அதில் இந்தக் காம்பு முக்குவதும் ஒன்று. மீதி நான்கில், நோய் வந்த மாட்டுக்கு முழுச் சிகிச்சை, திரும்பத் திரும்ப நோய் வரும் மாட்டைக் கழிப்பது, கறவை இயந்திரத்தைச் சரியாக வைப்பது ஆகியவை அடங்கும். கொட்டாம்பட்டியில் இயந்திரத்தின் இடத்தில் மனிதக் கை இருக்கிறது. அதைச் சரியாக வைப்பது இன்னும் எளிது. கை கழுவ வேண்டும். மடி முழுவதும் தண்ணீரைச் சாய்த்தால் அழுக்கெல்லாம் வழிந்து காம்பு நுனியில் வந்து நிற்கும். ஆகவே காம்பை மட்டும் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்துணி வேண்டும். ஒரே துணியால் மூன்று மாட்டைத் துடைப்பதை விடத் துடைக்காமலே இருப்பது மேல். நல்ல மாட்டை முதலில் கறந்து, நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும்.

அந்த ஐந்தில் மீதியுள்ளது, கறவை வற்றியதும் கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்கு மடிக்குள் ஆன்டிபயாடிக் ட்யூப் ஏற்றி மூடிவைப்பது. பல பத்தாண்டுகள் ஐரோப்பாவில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா மாட்டுக்கும் இதைச் செய்தார்கள். 2022 ஜனவரி 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி எல்லாருக்கும் பொதுவாக ஏற்றுவதற்குத் தடை. சோதித்து, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் ஏற்ற வேண்டும். மற்றவற்றுக்கு மருந்தில்லாத அடைப்பான் போதும் என்கிறார்கள். இந்த முறையைப் பல காலம் பின்பற்றியவர்களே அதைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, அவர்கள் விட்டுவிட்ட பழக்கத்தை நாம் இனிமேல்தான் முன்னேற்றம் என்று பிடித்துக்கொள்ளக் கூடாது.

கற்றாழை மறுபடி வந்திருக்கிறது. இந்த முறை பாட்டி வைத்தியம் என்ற பெயரில் வரவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தியும், பெங்களூரைச் சேர்ந்த பேராசிரியர் எம்.என். பாலகிருஷ்ணன் நாயரும் ஊர்ப்புற மருத்துவங்களைத் திரட்டி, அளவு குறித்து, மாடுகளில் கொடுத்துப் பார்த்து முறைப்படுத்தினார்கள். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் செக்கச்செவேல் என்று விழுதாகும். மடியில் இருக்கும் பாலை முழுதாகப் பீச்சி எடுத்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள். கூடவே எலுமிச்சம்பழத்தை அரிந்து தின்னக் கொடுக்க வேண்டும். தேசியப் பால்வள வாரியம் இதை எடுத்துக்கொண்டு பல மாநிலங்களில் பால் சங்கங்கள் மூலம் பரப்புகிறது. குஜராத்தின் சபர்காண்டா பால் ஒன்றியத்தில் 2014இல் தொடங்கிய மடிநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், முன்கூட்டியே சோதிப்பதோடு இந்த மூலிகை முறையும் சேர்ந்தது. நம் தொழுவில் இருந்தது குஜராத் போய்ப் பேர் வாங்கியிருக்கிறது.

பத்து முறை தடவுவது லேசான வேலை இல்லை. ஊசி ஒரு நிமிடம். இது ஐந்து நாள். நூறு நாள் வேலைக்கும் வயலுக்கும் போகிற பெண்ணுக்குத்தான் இந்தப் பாரமும் விழும். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். மாட்டுக்குக் காய்ச்சல் அடித்து, தீனி எடுக்காமல், பால் தண்ணீராகவோ காவி நிறத்திலோ வந்தால், மடி சில்லிட்டுப் போனால், கற்றாழையை அரைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. 1962க்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்க வேண்டும், அல்லது மருந்தகத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் ஆன்டிபயாடிக்தான் உயிர் காக்கும். அந்த நாளுக்காகத்தான் அதை மற்ற நாளெல்லாம் சேமிக்கச் சொல்கிறேன்.

பாலுக்கு வருவோம். 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77 மாதிரிகளில், அதாவது 1.2 சதவீதத்தில், ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதித்த அளவை மீறியிருந்தது. குறைவுதான். ஆனால் பால் கலந்து போகிற பொருள். ஒரு மாட்டுப் பால் சங்கத்து கேனில் கலந்து, கேன் குளிர்விப்பு நிலையத் தொட்டியில் கலந்து, ஊசியின் மருந்து ஊருக்கெல்லாம் பங்காகிவிடுகிறது.  கிராமச் சங்கத்தில் அன்றாடம் பார்ப்பது கொழுப்பும், எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருளும்தான். மருந்து எச்சத்துக்குப் பட்டைச் சோதனை இருந்தாலும் அது பெரும்பாலும் ஊர்ச் சங்கம்வரை வருவதில்லை.

ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். மூன்று நாள், நான்கு நாள் என்று பல மருந்துகளின் அட்டையிலேயே இருக்கும். மருத்துவரைக் கேட்டால் சொல்வார். அந்தப் பாலைக் கன்றுக்கு விடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் சரியில்லை. கன்றின் குடலில் இருக்கும் பாக்டீரியா அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்ளும். குழி தோண்டி ஊற்றுவதுதான் வழி. ஆனால் யார் ஊற்றுவார்கள்? 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து ஆவினில் பசும்பால் கொள்முதல் விலை 38 ரூபாய் ஆனது. நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கும் மாட்டில் நான்கு நாள் பால் 32 லிட்டர், 1,216 ரூபாய். ஏற்கெனவே மருந்துக்குச் செலவழித்துவிட்டு, வாரச் சீட்டுக்கும் கடனுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஒரு பெண்ணிடம் இந்த 1,216 ரூபாயை மண்ணில் ஊற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒழுக்கத்தைப் போதிப்பதால் இது தீராது. நஷ்டத்தைப் பங்கு போட்டால் தீரும்.

நூறு கறவை மாடு உள்ள சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாட்டுக்கு எட்டு லிட்டர் வீதம் மாதம் 24,000 லிட்டர் வரும். லிட்டருக்கு 20 பைசா பிடித்தால் மாதம் 4,800 ரூபாய் சேரும். ஏறக்குறைய நான்கு மாடுகளின் நான்கு நாள் பாலுக்கு அதில் பணம் கொடுத்துவிடலாம். மாவட்டப் பால் ஒன்றியமும் அதே அளவு போட்டால் எட்டு மாடு. நிபந்தனை இரண்டே இரண்டு: மருத்துவர் எழுதிய சீட்டு இருக்க வேண்டும், மாதாந்திரச் சலவைத்தூள் சோதனைக்கு அந்த மாடு வந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஊசி போட்டதை மறைக்க யாருக்கும் காரணம் இருக்காது. எந்த வீட்டில் எந்தக் காம்புக்கு என்ன மருந்து போனது என்பது சங்கத்தின் நோட்டில் வரும். அடுத்த முறை மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் போனஸ் பேச்சு வருவதற்கு முன்னால் இந்த 20 பைசாவை யாராவது ஒருவர் எழுந்து முன்மொழிய வேண்டும்.